தெருவை எட்டிப் பார்க்கும் மாடி

மரங்கள் மனிதரோடு நேருக்கு நேர் வாதாடிய அந்தக் காலத்தில், இங்கிலாந்தில் மதில் சூழ்ந்த ஒரு சிறு நகரம் இருந்தது. அங்கே கல் வீடுகளுக்கு மட்டுமே இடம். "தச்சன் கட்டினால் அது மாட்டுக்கொட்டகை" என்பார் கல்கொத்தர் ட்ரோகோ. ஊர்ச்சபையும் அவர் பக்கம்தான்.

கையுறை தைத்து விற்கும் ஹாவிஸ் அம்மாள் சண்டை போட்டு, தனக்கு ஒரே ஒரு மரவீடு கட்ட ஆஸ்பர்ட் என்ற தச்சனுக்கு அனுமதி வாங்கினார். மாடித் தளம் ஆடாமல் நின்றால் தச்சர்கள் ஊருக்குள் தொழில் செய்யலாம். ஆடினால் என்றைக்கும் மதிலுக்கு வெளியேதான்.

அந்நாளில் அளவுகோலைத் தொடும் தச்சனை மற்றத் தச்சர்கள் கேலி செய்வார்கள். கால்தான் கோல். ஆஸ்பர்ட் மெல்லிய தோல் செருப்போடு குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடந்தான். தெருவிலிருந்து பின்பக்கம் வரை மனையின் ஆழம் பதினெட்டுப் பாதம்.

காட்டுக்குப் போனான். பெரிய ஓக் மரம் ஒன்று அவனை மேலும் கீழும் பார்த்தது.

"முந்நூறு வருஷம் நின்றாயிற்று. ஊர் பார்க்க எனக்கும் ஆசைதான். வெட்டு, துளை போடு, செதுக்கு. ஒரு முறை அறுத்த நீளத்தை மட்டும் மறுபடி அறுத்துக் குறைக்காதே. குறைத்தால் அந்த இடத்திலிருந்தே உளுத்துப்போவேன்."

"கோடரி மேல் ஆணை" என்றான் ஆஸ்பர்ட்.

காட்டில் முழங்கால் சேறு. அவன் காலில் கனத்த, நீண்ட மரக்கட்டைச் செருப்பு. அதோடு பதினெட்டுப் பாதம் நடந்து அளந்து, அந்த ஓக்கிலிருந்து பன்னிரண்டு உத்தரங்களை அறுத்தான்.

ஊரில் கீழ்ச்சுவரின் மேல் ஏற்றியபோதுதான் தெரிந்தது. பன்னிரண்டும் தெருப்பக்கம் இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றன. ஆஸ்பர்ட் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"ஏம்பா, உன் வீடு நாக்கை நீட்டுதே! பசிக்கிறதா?" என்றார் ட்ரோகோ. தெருவே சிரித்தது.

"அறுத்துத் தள்ளு. இரண்டடி மரம், யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் ஹாவிஸ் அம்மாள்.

"நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றது உத்தரம். ஓக்கில் ஈரம் காயும்வரை பேச்சும் காயாது.

ரம்பத்தை எடுத்த ஆஸ்பர்ட் அதைக் கீழே வைத்தான். "கொடுத்த வாக்கை அறுக்கமாட்டேன் அம்மா. மாடிச் சுவரை முனையில் நிறுத்துகிறேன்."

"அடியில் ஒன்றுமே இல்லையே, காற்றின் மேலா சுவர்?"

"உத்தரத்தின் மேல்."

முனைகளின் மேல் சட்டத்தை நிறுத்தினான். ஆணி இல்லை, எல்லாம் மரமுளை. சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி மண் பூசினான். பன்னிரண்டு முனைகளையும் ஒளிக்கவில்லை.

சோதனை நாளில் ட்ரோகோ ஆறு கொத்தர்களோடு மாடியேறினார். அந்த ஊரில் எந்த மாடியில் நடந்தாலும் மேஜை மேல் கரண்டி தாளம் போடும். இங்கே ஏழு பேர் நடந்தும் கரண்டி அசையவில்லை. ட்ரோகோ குதித்தார். தளம் அப்படியே இருந்தது.

"இது எப்படி?"

"முனையில் சுவர் உட்கார்ந்து கீழே அமுக்குகிறது ஐயா. அதனால் நடுவில் தளம் தொய்யவில்லை."

"தெரிந்துதான் செய்தாயா?"

"இல்லை. நீளமாக வெட்டியது என் பிழை. நிற்க வைத்தது என் வேலை."

ட்ரோகோ இன்னொரு முறை குதித்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். ஹாவிஸ் அம்மாள் தன் தையல் அறை இரண்டடி கூடியிருப்பதை வருகிறவர்களுக்கெல்லாம் அளந்து காட்டினார்.

மறுவாரமே நகரவாசல் தச்சர்களுக்குத் திறந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவனும் உத்தரத்தை வேண்டுமென்றே இரண்டடி நீளமாக அறுத்தான். இங்கிலாந்தின் பழைய மரவீடுகள் முனைகளை மூடாமல், மார்பை முன்னே தள்ளித் தெருவுக்கு மேலே நிமிர்ந்து நிற்பது அந்த வாரத்திலிருந்துதான்.