பச்சோந்தி பார்த்த வழக்கு

அந்தக் காலத்தில், பறப்பதும் ஊர்வதும் ஒரே பாஷை பேசியபோது, பச்சோந்திக்கு நம்மைப் போல நேர்ப்பார்வைதான். நடையும் நேர்நடை. அதற்கு உறவென்று யாருமில்லை, பகையென்றும் யாருமில்லை. அதனால் வழக்கு என்றால் எல்லோரும் அதைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் வாகை மரத்துப் பொந்துக்காக மைனாவும் கிளியும் மோதிக்கொண்டன. போன வருஷம் அதில் குடியிருந்தது கிளி. இப்போதோ உள்ளே மைனாவின் மூன்று முட்டைகள். தீர்ப்பு வரும்வரை ஒருவர் இடப்பக்கக் கிளையிலும் மற்றவர் வலப்பக்கக் கிளையிலும் உட்கார வேண்டும், கிளையை விட்டு எழுந்தவர் தோற்றவர் என்பது அங்கே வழக்கம். பச்சோந்தி நடுவில், பொந்துக்கு எதிரே உட்கார்ந்தது.

"ஐயா, முட்டை ஆறிப்போகுது. சீக்கிரம் சொல்லுங்க" என்றது மைனா.

பச்சோந்தி அதன் பக்கம் திரும்பியதுதான் தாமதம், கிளி கத்தியது. "அவ மூஞ்சியையே பாக்குறீங்களே, இது அடுக்குமா?"

கிளியின் பக்கம் திரும்பினால் மைனா விசும்பியது. பாவம், பச்சோந்திக்குத் தலை சுற்றியது. கடைசியில் ஒரு கண்ணை இந்தப் பக்கமும் மறு கண்ணை அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டு, "இப்ப ரெண்டு பேரையும் சமமா பாக்குறேன். திருப்திதானே?" என்றது.

மைனா சொன்னதும் நியாயமாகப் பட்டது, கிளி சொன்னதும் நியாயமாகப் பட்டது. மைனா பக்கம் ஒரு காலை வைக்கும், உடனே இழுத்துக்கொள்ளும். கிளி பக்கம் வைக்கும், அதையும் இழுத்துக்கொள்ளும். நடுவில் இருந்த பொந்தை எந்தக் கண்ணும் பார்க்கவில்லை.

"ஐயா, சாரைப்பாம்பு! பொந்துக்குள்ள போகுது!" என்று அலறியது மைனா.

"பொறும்மா, இப்ப கிளியோட முறை."

மைனா வழக்கை உதறிவிட்டுப் பாய்ந்தது. பாம்பு வயிறு புடைக்க வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

"நான் பொந்தைத்தானே கேட்டேன்" என்று கிளி திரும்பத் திரும்பச் சொன்னது.

மைனா பச்சோந்தியின் முன்னால் வந்து நின்றது. "என்னைப் பாக்க வேண்டாம்யா. அந்தப் பொந்தைப் பாத்திருக்கக் கூடாதா?"

பச்சோந்தி அதன் பக்கம் போகப் பார்த்தது. முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால். மரம் காலியான பிறகும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்த குழப்பம்தான், இன்றுவரை பச்சோந்தியின் கண்கள் ஆளுக்கொரு திசையில் சுழல்கின்றன. ஓர் அடி வைக்குமுன் அது நாலு தரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. எதிரே ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தால் மட்டும் இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் போய் நிற்கும். தன் வயிற்றுக் காரியத்தில் அதற்கு ஒரு குழப்பமும் கிடையாது.