ராஜா விரல் பட்ட ஊறுகாய்

முன்னொரு காலத்தில் சிப்பித்துறை நாட்டை விசயபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அவர் நாட்டுக்கு மூன்று பக்கம் கடல். மலைக்கு அப்பால் இருந்த கருமுகில் நாட்டுக்கோ எந்தப் பக்கமும் கடல் இல்லை. மழையில் பாதை அடைபட்டால் மாதக்கணக்கில் அங்கே வெளிச்சாமான் எதுவும் போகாது. அதனால் அந்த நாட்டார் கெடாத பண்டமாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சிப்பித்துறை ஊறுகாய் என்றால் அவர்களுக்கு உயிர். பதிலுக்குக் குதிரைகள் அனுப்புவார்கள்.

அந்த வருஷம் போன ஜாடிகள் அத்தனையும் திரும்பி வந்தன. திறந்தால் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

ராஜா மந்திரி நல்லபெருமாளைப் பார்த்தார். "அடுத்த சரக்கும் கெட்டால் நீர் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போய்விடும்."

மந்திரிக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. ஏன் கெட்டது என்று அவருக்குத் தெரியும். அதுதான் கஷ்டம்.

மந்திரி பதவி மேல் கண் வைத்திருந்த தாண்டவராயர், சரக்கு கிளம்பும் சமயத்தில் ராஜாவிடம், "தங்கள் திருவிரல் பட்டால் ஊறுகாய் அமிர்தமாகிவிடும்" என்று சொல்லியிருந்தார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பன்னீரில் கை கழுவி, சொட்டச் சொட்ட ஒவ்வொரு ஜாடியிலும் விரலை விட்டுக் கலக்கிய பிறகுதான் வாய் கட்டவே விட்டார்.

"ஈரக் கையா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மந்திரியின் மனைவி கோமளம். "நான் ஒரு நாள் ஈரக் கரண்டியைப் போட்டதற்கு உங்கள் அம்மா என்னை எத்தனை மாசம் பேசினார்கள்! போய்ச் சொல்லுங்களேன்."

"அம்மா கரண்டியைப் பேசினாள். நான் ராஜா கையைப் பேசினால் தலை இருக்குமா?"

மறுநாள் சபையில் தாண்டவராயர் முந்திக்கொண்டார். "விரலில் குற்றமில்லை மகாராஜா. காய் நறுக்கிய பெண்களைச் சொல்ல வேண்டும். மேற்பார்த்த மந்திரியையும் சொல்ல வேண்டும்."

"தாண்டவராயர் சொல்வது சரி" என்றார் மந்திரி. "மகாராஜா விரல் பட்டது பிரசாதம். அதைப் போய்க் குதிரைக்கு விலையாகக் கொடுத்தோமே, அதுதான் குற்றம். இனி விற்கிற ஜாடியில் யார் விரலும் படவேண்டாம். திரும்பி வந்த பிரசாதத்தை வீணாக்கலாமா? பக்தியில் மூத்தவர் யாரோ, அவர் தினமும் மகாராஜா எதிரில் உட்கார்ந்து சாப்பிடட்டும்."

"மூத்தவர் யார்?" என்றார் ராஜா.

சபை மொத்தமும் தாண்டவராயரைப் பார்த்தது.

அன்று மத்தியானமே இலை போட்டார்கள். பூசணத்தை ஒதுக்காமல் பரிமாறினார்கள். பிரசாதத்தை ஒதுக்கக் கூடாதல்லவா?

"எப்படி இருக்கிறது?" என்றார் ராஜா.

"அ... அமிர்தம், மகாராஜா."

"அமிர்தமாம். இன்னும் கொஞ்சம் போடுங்கள்."

இந்தப் பக்கம் விரல் படாத ஜாடிகள் மலையேறின. மந்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டவராயர் நாளுக்கு நாள் இளைத்தார். சபையில் பாதிப் பேச்சில் எழுந்து ஓடினார். ஒரு நாள் இன்னொரு பிரசாத ஜாடியின் கட்டை அவிழ்த்ததும் அவர் தடாலென்று ராஜா காலில் விழுந்தார்.

"மகாராஜா! தலையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஜாடியைத் தூரக் கொண்டுபோகச் சொல்லுங்கள்! இது பிரசாதமில்லை. தங்கள் ஈரக் கை பட்டுத்தான் எல்லாம் கெட்டது!"

ராஜா தன் விரலையே நெடுநேரம் பார்த்தார்.

"மந்திரி, உமக்கு இது தெரியுமா?"

"தெரியும், மகாராஜா."

"ஏன் சொல்லவில்லை?"

"தைரியம் வரவில்லை. தாண்டவராயருக்காவது வரட்டும் என்று ஏற்பாடு செய்தேன்."

அப்போது வாசலில் குதிரைகள் கனைத்தன. கூட வந்த கருமுகில் தூதன், "ஜாடிகள் காலி. இன்னும் வேண்டும்" என்றான். மந்திரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இருப்பதில் நல்ல குதிரையை ராஜா மந்திரிக்குக் கொடுத்தார். தாண்டவராயருக்கும் ஒரு பதவி கொடுத்தார். ஊறுகாய்க் கொட்டகை வாசலில் காய்ந்த துண்டோடு நின்று, உள்ளே போகிறவர்கள் கையை எல்லாம் துடைத்துவிட வேண்டும்.

"இன்றைக்கே ஆரம்பியும்" என்று ராஜா தன் கையை நீட்டினார்.