தலைகீழாய் எழுதிய படகு

கவிழ்ந்தாலும் தானே நிமிர்கிற விரைவு மீட்புப் படகு செய்து தருவதாக, தூத்துக்குடிப் பட்டறை முதலாளி ஒருவர் துறைமுகத்துக்கு வாக்குக் கொடுத்தார். படகு கவிழ்ந்ததும் காற்று நிரம்பி அதைப் புரட்டிவிடும் பெரிய பையொன்றைப் பின்பக்கச் சட்டத்தின் மேல் பொருத்த வேண்டும். முதலாளி சட்டத்தை மட்டும் மாட்டினார். தான் செய்த படகு கவிழும் என்று நினைப்பதே அவருக்கு அவமானமாம்!

பெயிண்டர் பிரகாசியைக் கூப்பிட்டார். அவள் தம்பிதான் அந்தப் படகை ஓட்டப் போகிறவன்.

"'தானே நிமிரும் படகு'ன்னு பெருசா எழுது. எழுத்தைப் பார்த்தா பை ஞாபகமே வரக்கூடாது."

"ஆபத்து நேரத்துல நல்லாத் தெரியுற மாதிரி எழுதிடுதேன், முதலாளி."

மறுநாள் துறைமுக அதிகாரி பார்வையிட வந்தார். எழுத்து படகின் அடிப்பக்கத்தை ஒட்டித் தலைகீழாக இருந்தது.

முதலாளி கத்தினார். "அறிவிருக்கா? இதை எவன் படிப்பான்?"

"கவிழ்ந்த பிறகு எல்லாரும் படிக்கலாம், முதலாளி. பை இல்லாத படகு அப்படியேதான கிடக்கும்?"

தலையைச் சாய்த்து எழுத்தைப் படித்துக்கொண்டிருந்த அதிகாரி, நிமிர்ந்து வெறும் சட்டத்தைப் பார்த்தார்.

அந்தப் பட்டறையில் அன்றைக்குத் தானாக நிமிர்ந்தது அந்தத் தலை ஒன்றுதான்.