காவி காயாத திட்டு

வாளியில் இரண்டு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ ஊறுகிறது. பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோச்சு. ஒரு ஜோடியில் குதிகால் மட்டும் சிவப்பு. இன்னொரு ஜோடியில் அடியெல்லாம் இங்கும் அங்குமாகச் சிவப்பு. காவிக் கறை லேசில் போகாது. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்.

நானும் வீட்டுக்காரரும் கைக்குழந்தையோடு குடியிருக்கும் அரிசி ஆலைக்குப் பின்னால் நெல் காயப்போடும் களம் இருக்கிறது. அறுப்பு இல்லாத மாதங்களில் ரெஜினா மேடம் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். மேடம் பட்டாளத்தில் மேஜராக இருந்துவிட்டு வந்தவர்.

ராணுவ அதிகாரி ஆகிற படிப்பில் சேர முதலில் பரீட்சை எழுத வேண்டும். அதில் தேறினால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். ஐந்து நாள் அங்கேயே தங்க வைத்து, பேச வைத்து, ஓட வைத்து, பலகையும் கயிறும் கொடுத்துத் தாண்ட வைத்துப் பார்ப்பார்கள். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. பிள்ளைகளுக்குச் சமைப்பதும் துவைப்பதும் என் வேலை.

மோனிஷா ஏற்கெனவே ஒரு தடவை போய்த் தேறாமல் வந்தவள். இந்தத் தடவையும் விட்டால் வயது தாண்டிவிடும். அதற்கப்புறம் அந்தக் கதவு அவளுக்குத் திறக்காது. அவள் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தினமும் போன் பண்ணி இரண்டே கேள்வி கேட்பார். சாப்பிட்டியா, ஓடினியா.

நேற்று சாயங்காலம் நான் டீ டம்ளர்களை எடுக்கப் போனபோது அவள் மேடம் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"போன தடவை பலகை தாண்டறப்போ என் கால் சிவப்புல பட்டுடுச்சு. யாரும் பார்க்கலை. நானே சொல்லிட்டு ஆரம்பத்துக்குத் திரும்பிப் போனேன்."

சிவப்பு பூசின இடத்தில் கால் படக் கூடாது. பட்டால், பட்டவரே அதைச் சொல்லிவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

"சரி. அப்புறம்?"

"என் குரூப்ல இன்னொருத்தியும் மிதிச்சா. நான் பார்த்தேன். அவ சொல்லலை."

"ம்."

"அவ தேறி உள்ள போயிட்டா மேடம். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்."

"அதனாலதான் உன்னை அனுப்பிட்டாங்களா?"

"தெரியாது. அங்கதான் காரணமே சொல்ல மாட்டாங்களே."

மேடம் டீயைக் குடித்து முடித்தார்.

"இந்தத் தடவை கால் பட்டா நான் என்ன பண்ணட்டும் மேடம்?"

மேடம் டம்ளரை என்னிடம் நீட்டினார். "காலைல பலகையைத் தாண்டு. அப்புறம் பேசலாம்."

இன்று விடிந்ததும் மேடம் என் வாசலுக்கு வந்தார்.

"களத்துல சிவப்பு வெளுத்துப்போச்சு. கோலத்துக்குக் கரைக்கிற காவி இருக்காம்மா?"

"இருக்குங்க மேடம்."

"கெட்டியா கரைச்சுப் பூசிடு."

"அது காயறதுக்குள்ள பிள்ளைங்க வந்துடுவாங்களே."

"வரட்டும்."

களத்தில் மூன்று செங்கல் திட்டு. முதல் திட்டிலிருந்து நடுத்திட்டுக்கு ஒரு பலகை, அங்கிருந்து கடைசித் திட்டுக்கு ஒரு பலகை. நடுத்திட்டின் ஓரமெல்லாம் சிவப்பு. நடுவில் மட்டும் கால் வைக்க இடம். இரண்டு பேர் இரண்டு பேராக ஒரு உமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். அடுத்த விசிலுக்குள் முடித்துவிட வேண்டும்.

மோனிஷா முன்னால். பர்வீன் பின்னால். மேடம் விசில் ஊதினார்.

"சீக்கிரம் போங்கடி," என்று உட்கார்ந்திருந்த ஒருத்தி கத்தினாள். "நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள அந்த உமி முளைச்சுடும்."

"உமி முளைக்காதுடி, பன்னிரண்டாவது பாஸ் பண்ணவளே," என்றாள் பர்வீன் மூட்டைக்குப் பின்னாலிருந்து.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் மோனிஷாவின் குதிகால் சறுக்கிச் சிவப்பில் பட்டது.

அவள் நின்றாள். மேடத்தைப் பார்த்தாள். மேடம் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பர்வீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பர்வீனுக்கு மூட்டை மறைத்தது.

மோனிஷா அடுத்த பலகையில் கால் வைத்தாள்.

நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தேன். அடுத்த துணியை எடுத்து உதறினேன்.

பலகையில் மோனிஷாவின் குதிகால் ஈரக் காவியாகப் பதிந்தது. அந்த இடத்தில்தான் பர்வீன் கால் வைத்தாள். அடுத்த அடி, அதற்கடுத்த அடி, எல்லாம் அப்படியே.

கடைசித் திட்டில் மூட்டையை இறக்கினார்கள். விசில் இன்னும் ஊதவில்லை.

"முடிச்சுட்டோம்," என்றாள் மோனிஷா.

பர்வீன் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். காலை மடக்கினாள். ஷூவின் அடியைப் பார்த்தாள்.

"மேடம், நான் சிவப்பை மிதிச்சிருக்கேன்."

"மூட்டை மறைச்சதுல தெரியலை மேடம். ஸாரி மோனிஷா, என்னால உனக்கும் கெட்டுப்போச்சு. நீ இரு. நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

மூட்டையைத் தனியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு களத்தில் இறங்கி, முதல் திட்டைப் பார்த்து நடந்தாள். உமிதான், ஆனாலும் அவளைவிடப் பெரிய மூட்டை.

மேடம் விசில் ஊதினார். நிதானமாக நடந்து மோனிஷா பக்கத்தில் வந்து நின்றார்.

"அவ எங்க போறா?"

"ஆரம்பத்துக்கு, மேடம்."

"எதுக்கு?"

மோனிஷா பலகையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தன் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள்.

"விசில் ஊதிட்டீங்களே மேடம்," என்றாள்.

"உனக்கு ஊதியாச்சு. அவ இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கா."

மோனிஷா எழுந்தாள். திட்டிலிருந்து மண்ணில் குதித்து ஓடினாள். பர்வீன் தோளிலிருந்த மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பர்வீன் முதலில் மோனிஷாவின் காலைப் பார்த்தாள். அப்புறம் தன் காலைப் பார்த்தாள். அப்புறம் மூட்டையைக் கீழே இறக்கிவிட்டு அவள்...

உள்ளே பாப்பா அழுகிறது, வீட்டுக்காரர் கூப்பிடுகிறார்.

இதோ வர்றேங்க, பாப்பாவைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க, என் கையெல்லாம் காவியா இருக்கு, கழுவிட்டு வந்துடறேன்.