இறால் ரொட்டியைச் சூடாக வைக்க ஒரு வழி

பெர்தினாந்துக்கு அறுபது வயது. அவருக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த தனிஸ்லாசுக்கு முப்பத்தாறு. கப்பலில் சமைத்து, முதுகுவலியோடு தூத்துக்குடிக்குத் திரும்பியவர். வயதில் சின்னவர்தான். ஆனாலும் பெர்தினாந்து அவரை வாய் நிறைய மாஸ்டர் என்றே கூப்பிடுவார்.

பெர்தினாந்து துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு வெந்நீரும் கஞ்சியும் மட்டும் வைக்கப் பழகியிருந்தார். மகள் பிரிஸ்காவின் கல்யாணத்துக்கு வீம்பாகப் போகாமல் இருந்துவிட்டார். நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

போன மாதம் அவளே போன் பண்ணினாள். ஏதோ ஓட்டலில் ரொட்டித் துண்டின் மேல் இறாலும் சீஸும் வைத்துச் சுட்டுக் கொடுத்தார்களாம். அவ்வளவு ருசியாம். "ஒரு ஞாயித்துக்கிழமை வாறேம்ப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எந்த ஞாயிறு என்று கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளே மாஸ்டரிடம் போய் நின்றார். ஓவனும் வாங்கிவிட்டார்.

"இறாலைத் தனியா வெண்ணெயில ஒரு புரட்டு. தண்ணி சுண்டணும். ரொட்டிய ஒரு பக்கம் வாட்டிட்டு, வாட்டின பக்கத்து மேல இறாலை வைங்க. அதுக்கு மேல சீஸ்."

"மேல மூடுத ரொட்டி எங்க மாஸ்டர்?"

"இதுக்கு மூடி கிடையாது அண்ணாச்சி. உள்ள இருக்கது வெளிய தெரியணும்."

மூன்று ஞாயிறு போனது. ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, பதினோரு மணிக்கே ஆறு துண்டுகளை ஓவனுக்குள் வைத்துச் சூட்டைக் குறைத்துவிடுவார். ஆட்டோ சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவார். ரெண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தால் அடியில் ரொட்டி சொதசொதவென்று இருக்கும். மேலே சீஸ் செருப்புத்தோல் மாதிரி இறுகியிருக்கும். பூனைக்குப் போட்டுவிட்டுக் கஞ்சி குடிப்பார்.

நாலாவது சனிக்கிழமை மாஸ்டரிடம் கேட்டார்.

"மூணு மணி நேரம் சூடா, மொறுமொறுன்னு வச்சிருக்க என்ன வழி?"

"நாளைக்கு வாறேன்."

சொன்னபடி ஞாயிறு வந்தார். இறாலைப் புரட்டி ஒரு கிண்ணத்தில் வைத்தார். சீஸைத் துருவி இன்னொன்றில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடுக்கலியா மாஸ்டர்?"

"என்ன அவசரம்?"

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. பெர்தினாந்து ஏழு தடவை வாசலுக்குப் போய் வந்தார்.

"நடந்தே மக வீட்டுக்குப் பாதி வழி போயிருப்பீங்க போல," என்றார் மாஸ்டர்.

பெர்தினாந்து சிரிக்கவில்லை.

மாஸ்டர் எழுந்தார். ரெண்டு துண்டு ரொட்டியை வாட்டி, இறாலும் சீஸும் பரப்பி ஓவனுக்குள் தள்ளினார்.

"அவ இன்னும் வரலியே மாஸ்டர்."

மாஸ்டர் ஓவன் கதவைச் சாத்தினார். சீஸ் கொப்புளித்துச் சிவந்ததும் வெளியே எடுத்தார். ஒன்றைத் தன் வாயில் வைத்து, சூடு தாங்காமல் உஸ் உஸ்ஸென்று ஊதி ஊதித் தின்றார். மற்றதைத் தட்டில் வைத்து பெர்தினாந்து பக்கம் நகர்த்தினார்.

"இது பிரிஸ்காவுக்குப் பண்ணினதுல்லா?"

"இத்தன வாரம் பண்ணுனீங்களே. ஒரு வாயாவது தின்னு பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அவளுக்கு என்ன குடுக்கப் போறீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

பெர்தினாந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு எடுத்துக் கடித்தார். ரொட்டி நொறுங்கியது. சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மேல் அண்ணம் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்காமல் முழுசையும் தின்று முடித்தார்.

"அடுத்த ஞாயிறு எத்தன மணிக்கு ஓவன்ல வைக்கணும் மாஸ்டர்?"

"மக வந்து உக்காந்த பொறவு."

"வராட்டி?"

மாஸ்டர் இறால் கிண்ணத்தை மூடி வைத்தார்.

"உங்களுக்குப் பசிச்ச பொறவு."