நிறைஞ்சிருக்கு

மில்லில் ஷிப்டு குறைந்ததிலிருந்து குழந்தைவேலுவின் வீட்டில் வரவு பாதியாகிவிட்டது. அதுவரை மனைவி மரகதம்தான் கடைக்குப் போய்வந்தாள். இனி மளிகை என் பொறுப்பு என்று அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஆசிரமத்துக்கு வந்தபோது முகத்தில் அப்படியொரு களை.

ஆசிரமத்தை நடத்தும் செண்பகவல்லி அம்மையார் வயதில் அவரைவிடச் சின்னவர். இருந்தாலும் குழந்தைவேலுவுக்குக் குரு அவர்தான்.

"மளிகைச் செலவை அடக்கிட்டேன்மா. அடுத்து மனசை அடக்கச் சொல்லிக்கொடுங்க."

"செலவை எப்படி அடக்கினீங்க?"

"கடைக்குக் கிளம்புறப்போ அடுக்களை வாசல்ல நின்னு கேப்பேன். பருப்பு இருக்கா? நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவா. எண்ணெய்? அதுவும் நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவா. அப்புறம் எதுக்கு வாங்கணும்? பையை மடிச்சு வச்சிருவேன்."

"ஒரு நாளாவது இல்லைன்னு சொன்னாங்களா?"

"வாயைத் திறந்து சொன்னதே கிடையாது. இத்தனை வருஷமா எவ்வளவு வாங்கி அடுக்கியிருக்கா பாருங்க!" இதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சமையல் எப்படி இருக்கு?"

"ரசம் கொஞ்சம் தண்ணியா இருக்கு. முருங்கைக்கீரை தினமும் வருது. உடம்புக்கு நல்லதுதானே."

அம்மையார் அவர் முன்னால் ஓர் இலையைப் போட்டார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றவர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ரங்கம்மா, சோறு இருக்கா?"

"நிறைஞ்சிருக்குங்கம்மா!"

குழந்தைவேலு இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தார். தெளித்த தண்ணீரும் காய்ந்தது. பசி பொறுக்காமல் எழுந்துபோய் அடுக்களையை எட்டிப் பார்த்தார். ரங்கம்மா கழுவிய பானையைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தாள்.

கோபமாகத் திரும்பி வந்தார். "நிறைஞ்சிருக்குன்னு சொன்னாங்களேம்மா!"

"தீர்ந்துபோச்சுன்னா இங்க இல்லைன்னு சொல்ல மாட்டோம். அடுக்களையில அந்த வார்த்தை ஆகாது. உங்க வீட்ல எப்படி?"

குழந்தைவேலு காய்ந்த இலையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க." குரல் இறங்கிவிட்டது. "மரகதம் கல்யாணமாகி வந்த அன்னிக்கு அவங்கதான் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாங்க."

அம்மையார் கேட்டார்.

"காலையில மரகதம் சாப்பிட்டாங்களா?"

"கேட்டேன்மா. வயிறு நிறைஞ்சி..."

அந்தச் சொல்லை அவரால் முடிக்க முடியவில்லை.