ஃபேன் போட்டுப் பிடித்த இடம்

கரடி, குரங்கு, மயில் மூன்றும் காட்டின் நடுவே ஒரு பழைய ஓட்டு வீட்டில் குடியிருந்தன. மனிதர்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போன வீடு அது. கூரையில் சோலார் பலகை இருந்தது. வெயில் அடித்தால் சமையலறையில் இருந்த பேட்டரி நிறையும். பேட்டரியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சையாக எரிந்தால் மின்சாரம் நிறைய இருக்கிறது. சிவப்பாக எரிந்தால் தீரப் போகிறது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். எந்த அறையில் ஃபேன் ஓடுகிறதோ, அந்த அறைக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். பஸ் சீட்டில் துண்டு போடுவது போலத்தான். ஒரு முறை கரடி தேன் எடுக்கப் போயிருந்தபோது குரங்கு அதன் அறையில் போய்ப் படுத்துக்கொண்டது. பெரிய சண்டை! அன்று முதல் கரடி அறையை விட்டு வெளியே வந்தால் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் வரும். அதைப் பார்த்து மற்ற இரண்டும் போட்டன. உள்ளே ஆள் இல்லாதபோதுதான் ஃபேன்கள் ஓயாமல் சுற்றின.

மழைக்காலம் வந்தது. வெயிலைக் காணோம். ஒரு மதியம், காட்டுக்கோழி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓடை பெருகி அதன் கூட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான்கு குஞ்சுகளும் தொப்பலாக நனைந்து நடுங்கின. தாயும் நனைந்திருந்தது. குஞ்சுகளுக்குக் கொடுக்க அதன் உடம்பில் சூடு இல்லை.

"அண்ணா, குஞ்சுகள் காயும்வரை ஓர் அறை கொடுங்கள்!"

"அறை ஏதம்மா?" என்றது மயில். "மூன்றிலும் ஃபேன் ஓடுகிறதே!"

"உள்ளே யாரும் இல்லையே!"

"இல்லைதான். அதனால்தானே ஃபேன் ஓடுகிறது!"

கடைசியில் மூன்றும் சமையலறை மூலையைக் காட்டின. அங்கே ஒரு மரப்பெட்டி. அதற்கு மேலே ஒரு குண்டு பல்பு. கோழி பல்பைப் போட்டு, குஞ்சுகளைப் பெட்டிக்குள் விட்டது. கொஞ்சம் நடுக்கம் குறைந்தது. அதற்குள் பல்பு மங்கிவிட்டது. பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது.

கோழி கூடத்துக்கு ஓடியது. கரடி பாயில் புரண்டுகொண்டிருந்தது. குரங்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து, எந்தப் பழத்தை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. மயில் பட்டப்பகலில் ஜன்னல் திரையை மூடிவிட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தது.

"கரடி அண்ணா! உங்கள் அறை ஃபேனை நிறுத்துங்கள். பல்பு அணைந்தால் குஞ்சுகள் செத்துப்போகும்!"

"நிறுத்தினால் குரங்கு போய்ப் படுத்துக்கொள்வான். முதலில் அவனை நிறுத்தச் சொல்!"

"நான் நிறுத்தினால் மயில் வந்து தோகையை விரிப்பார், அக்கா. அப்புறம் அறை பூராவும் இறகு! அவரை நிறுத்தச் சொல்லுங்கள்!" என்றது குரங்கு.

"பெரியவர் கரடி இருக்கும்போது நான் முந்தலாமா?" என்றது மயில். "மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!"

சமையலறையில் மூன்று குஞ்சுகளின் கீச்சொலிதான் கேட்டது. கடைக்குட்டியின் சத்தம் நின்றுவிட்டது.

கோழிக்கு அழ நேரமில்லை.

"இடம் போய்விடும் என்றுதானே பயம்? அண்ணா, உங்கள் முடியில் ஒரு கொத்துப் பிடுங்கி அறை வாசலில் வையுங்கள். தம்பி, அந்த வாடை அடிக்கிற இடத்துக்குப் போவாயா?"

"ஐயோ! தேன் கொடுத்தாலும் போக மாட்டேன்!" என்றது குரங்கு.

"என்னடா சொன்னாய்?" என்று கரடி உறுமியது. உறுமிவிட்டு யோசித்தது. முடி போதுமென்றால் ஃபேன் எதற்கு? போய் ஸ்விட்சை அணைத்தது.

குரங்கு தன் வாசலில் ஓர் எச்சில் பழத்தை வைத்துவிட்டு ஃபேனை அணைத்தது. மயில் உதிர்ந்த இறகு ஒன்றை வைத்துவிட்டுத் தன் ஃபேனையும் அணைத்தது.

கோழி விடவில்லை. "தம்பி, ஃப்ரிட்ஜை மூடு! எதை எடுப்பதென்று திறக்கும் முன்னே யோசிக்கக் கூடாதா? மயில் அண்ணா, திரையை விலக்குங்கள்! பகலில் எதற்கு ட்யூப்லைட்?"

மயில் முணுமுணுத்துக்கொண்டே திரையை இழுத்தது. மழை வெளிச்சத்தில் அதன் கழுத்து நீலம் பளிச்சென்று மின்னியது. "அட!" என்றது மயில். ட்யூப்லைட்டை அணைத்தது.

வீடு அமைதியானது. அப்போதுதான் மழைச் சத்தமே அவற்றுக்குக் கேட்டது.

பல்பின் கம்பி மெல்ல மஞ்சளானது. பிறகு பிரகாசமானது. எல்லாம் பெட்டியைச் சுற்றி நின்றன. கடைக்குட்டி கால் நீட்டிக் கிடந்தது. கோழி அதை அலகால் பல்புக்கு நேர் கீழே தள்ளியது. காத்திருந்தது. ஈர இறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பியது. ஒரு கால் உதைத்தது. ஒரு கண் திறந்தது.

"கீச்!"

"பொல்லாத பயல்!" என்று கரடி மூக்கைத் துடைத்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் எல்லாக் குஞ்சுகளும் காய்ந்துவிட்டன. கோழி எழுந்து பல்பை அணைத்தது.

"அக்கா! இதற்காகத்தானே அவ்வளவு கெஞ்சினீர்கள்? எரியட்டுமே!" என்றது குரங்கு.

"இப்போது எனக்கே சூடு வந்துவிட்டது, தம்பி. இனி என் சிறகு போதும்," என்று கோழி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஆளில்லாத அறையில் வீணாகும் மின்சாரம் ஓர் உயிருக்கு வேண்டிய நேரத்தில் இல்லாமல் போகும். அதனால் தேவை முடிந்த உடனே, அடுத்தவர் அணைக்கட்டும் என்று காத்திராமல், நம் ஸ்விட்சை நாமே அணைக்க வேண்டும்.